சட்ட நூலகர் ஆகணுமா? லா லைப்ரரிக்குப் புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

லைப்ரரி சயின்ஸ் படிச்ச பசங்க நிறைய பேருக்கு லா லைப்ரரின்னு ஒரு தனி உலகம் இருக்கறதே தெரியறதில்ல. பொது நூலகம், ஆர்ட்ஸ் காலேஜ், இன்ஜினியரிங் காலேஜ், ஸ்கூல், இதுக்குள்ளயே வேலை தேடிட்டு இருக்காங்க. ஹைகோர்ட், சட்டக் கல்லூரி, வக்கீல் சங்கம், பெரிய லா ஃபர்ம், கம்பெனியோட லீகல் டிபார்ட்மெண்ட், எல்லா இடத்துலயும் சட்டத்தையும் தீர்ப்பையும் சரியா தேடி எடுத்துக் கொடுக்க ஆள் வேணும். அந்த வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்காகவும் வரலாமான்னு யோசிக்கறவங்களுக்காகவும் இதை எழுதறேன், தமிழ்நாட்டு நிலவரத்தை மனசுல வச்சுதான்.

ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடறேன். மத்த லைப்ரரில ஒரு பழைய எடிஷனைக் கொடுத்துட்டா பெருசா ஒண்ணும் ஆகிடாது, மறுநாள் மாத்திக் கொடுத்துக்கலாம். இங்க அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துட்டு நேரா கோர்ட்டுக்குப் போயிடுவாங்க. ஒருத்தரோட ஜாமீன், ஒரு குடும்பத்தோட வீடு அதை நம்பி இருக்கும். அதனால கைல எடுக்கற ஒவ்வொரு பக்கத்துக்கும் "இது எந்தத் தேதியில செல்லும்"னு கேக்கப் பழகறதுதான் இந்தத் தொழில்ல கத்துக்க வேண்டிய முக்கியமான விஷயம். கீழ வர்ற எல்லாமே அதைச் சுத்திதான்.

1. படிப்பு

பி.லிப், எம்.லிப் இதுதான் அடிப்படை. மெட்ராஸ் யுனிவர்சிட்டி, அண்ணாமலை, அழகப்பா, பாரதிதாசன் இங்கெல்லாம் துறை இருக்கு, வேலை பாத்துக்கிட்டே படிக்கணும்னா இக்னோ இருக்கு. காலேஜ், யுனிவர்சிட்டி வேலைக்குப் போகணும்னா யு.ஜி.சி. விதிப்படி எம்.லிப்ல 55 சதவீதமும் நெட் இல்ல செட் பாஸும் வேணும். அந்த வேலை ஏழாவது சம்பளக் கமிஷன்ல அகாடமிக் லெவல் 10, ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700. இது ரெகுலர் போஸ்ட்டுக்கு. கான்ட்ராக்ட்ல எடுக்கற இடங்கள்ல இதுல பாதி கூட வராம இருக்கலாம், சேர்றதுக்கு முன்னாடி ஆர்டரை நல்லா படிச்சுப் பாத்துக்கோங்க.

லா டிகிரி கட்டாயமான்னு எல்லாரும் கேக்கறாங்க. அமெரிக்கால சட்டக் கல்லூரி நூலகர்னா நிறைய இடத்துல லைப்ரரி மாஸ்டர்ஸோட லா டிகிரியும் எதிர்பாப்பாங்க, இங்க பெரும்பாலான வேலைக்கு அப்படி இல்ல. பி.எல். இருந்தா நல்லதுதான், ஆனா தபால்வழில முடிச்சா பார் கவுன்சில் ஏத்துக்காது, ரெகுலரா காலேஜுக்குப் போய்தான் படிக்கணும். அது முடியாதவங்க சொந்தமா உக்காந்து நாலு விஷயம் படிச்சாலே போதும்: அரசியலமைப்புச் சட்டம், கிரிமினல் நடைமுறை, சிவில் நடைமுறை, அப்புறம் ஒரு சட்டம் எப்படி பில்லா வந்து அரசிதழ் வரைக்கும் போகுதுங்கறது. வக்கீல் பேசறது புரியணும், அவர் கேக்கறது எந்த அலமாரில இருக்குன்னு தெரியணும், அதுக்கு இது போதும்.

2. வேலை எங்க இருக்கு

அரசு சட்டக் கல்லூரிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு மூலமா லைப்ரேரியன் எடுக்கறாங்க, அந்த நோட்டிஃபிகேஷனை விடாம கவனிங்க. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், திருச்சில இருக்கற தேசிய சட்டப் பல்கலைக்கழகம், தனியார் சட்டக் கல்லூரிகள் எல்லாம் தனித்தனியா விளம்பரம் கொடுப்பாங்க. பார் கவுன்சிலோட 2008 சட்டக் கல்வி விதிகள்ல ஒரு சட்டக் கல்லூரி லைப்ரரில குறைஞ்சபட்சம் என்னென்ன இருக்கணும்னு பட்டியலே இருக்கு, ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) மேனுவல், கிரிமினல் லா ஜர்னல், எஸ்.சி.சி. (சுப்ரீம் கோர்ட் கேஸஸ்), ஜர்னல்களோட பத்து வருஷ பழைய வால்யூம்னு போகும். இன்டர்வியூக்குப் போறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை படிச்சுட்டுப் போங்க, கட்டாயம் அது பத்திப் பேச்சு வரும்.

அதுக்கு அப்புறம் சென்னையிலயும் மதுரைக் கிளையிலயும் ஹைகோர்ட் சார்ந்த லைப்ரரிகள், மாவட்ட கோர்ட் வளாகத்துல வக்கீல் சங்க லைப்ரரிகள். சங்க லைப்ரரில சம்பளம் கம்மி, ஆனா ஒரு வருஷம் அங்க நின்னா கத்துக்கறது ரொம்ப ஜாஸ்தி, ஏன்னா கேள்வி அத்தனையும் நிஜ கேஸ்ல இருந்து வரும், அதுவும் உடனே வேணும்னு வரும். லா ஃபர்ம்ல வேலையே வேற மாதிரி, அங்க ரிசர்ச், நாலெட்ஜ் மேனேஜ்மெண்ட்னு பேர் வச்சிருப்பாங்க, நாள் முழுக்க கம்ப்யூட்டர்தான்.

3. முதல் மாசம் சைட்டேஷன்தான்

சேர்ந்த முதல் மாசம் வேற எதையும் பெருசா போட்டுக் குழப்பிக்காம ரிப்போர்ட்டர்களைக் கத்துக்கோங்க, அதாவது கோர்ட் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடற தொடர்களை. ஒரு தீர்ப்பு எந்த ரிப்போர்ட்டர்ல எந்தப் பக்கத்துல இருக்குன்னு சொல்ற குறிப்புதான் சைட்டேஷன். சுப்ரீம் கோர்ட்டோட அதிகாரபூர்வ ரிப்போர்ட் எஸ்.சி.ஆர். (சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ்), தனியார் வெளியீட்டுல ஏ.ஐ.ஆர். நாக்பூர்ல இருந்து 1914லிருந்து வருது, எஸ்.சி.சி. லக்னோல இருந்து 1969லிருந்து. நம்ம ஊருக்குன்னு பாத்தா மெட்ராஸ் லா ஜர்னல், அது 1891ல ஆரம்பிச்சது, வக்கீல்கள் எம்.எல்.ஜே.ன்னுதான் சொல்லுவாங்க, கூடவே லா வீக்லி, சி.டி.சி. (கரண்ட் தமிழ்நாடு கேஸஸ்) இதெல்லாம். வருமான வரிக்கு ஐ.டி.ஆர். (இன்கம் டாக்ஸ் ரிப்போர்ட்ஸ்), அதுவும் சென்னை வெளியீடுதான்.

ஒரே தீர்ப்பு அஞ்சாறு ரிப்போர்ட்டர்ல வரும், ஒவ்வொண்ணுலயும் வேற நம்பர். கேசவானந்த பாரதி கேஸ் (1973) 4 எஸ்.சி.சி. 225, அதே தீர்ப்பு ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461. முதல்ல இருக்கறதுல வருஷம், நாலாவது வால்யூம், 225ஆம் பக்கம். ரெண்டாவதுல வால்யூம் நம்பரே கிடையாது, வருஷம், கோர்ட், பக்கம் அவ்ளோதான். வக்கீல் ஒரு நம்பரைச் சொல்லி உங்ககிட்ட அந்த ரிப்போர்ட்டர் இல்லன்னா "இல்ல சார்"னு அனுப்பிடாதீங்க, பேரலல் சைட்டேஷன் பாத்து உங்ககிட்ட இருக்கற ரிப்போர்ட்டர்ல அதே தீர்ப்பை எடுத்து நீட்டுங்க, மறுநாள்ல இருந்து அவர் உங்களைத் தேடி வருவார்.

இதுக்கு ஒரு பயிற்சி சொல்றேன். செண்பகம் துரைராஜன் கேஸ் நம்ம மெட்ராஸ் மாகாணத்து கேஸ், வகுப்புவாரி ஆணை பத்தினது, அந்தத் தீர்ப்புக்கு அப்புறம்தான் அரசியலமைப்புக்கு முதல் திருத்தமே வந்துச்சு. அதை ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226ல எடுங்க, அப்புறம் 1951 எஸ்.சி.ஆர். 525ல எடுங்க, அப்புறம் சுப்ரீம் கோர்ட்டோட இ-எஸ்.சி.ஆர். தளத்துல எடுங்க. மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க: ஹெட்நோட் (தீர்ப்புக்கு மேல போடற சுருக்கம்) எங்க முடியுது, தீர்ப்பு எங்க ஆரம்பிக்குது, வக்கீல்கள் பேர் எங்க இருக்கு. ஹெட்நோட்டை எழுதினது எடிட்டர், நீதிபதி இல்ல. இது புரிஞ்சாலே பாதி தூரம் வந்துட்டீங்க.

2023ல இருந்து சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்புக்குத் தானே நம்பர் போடுது, 2023 ஐ.என்.எஸ்.சி. அப்படின்னு ஆரம்பிச்சு வரிசை எண் வரும். எந்தப் பதிப்பாளரையும் சார்ந்து இல்லாத நம்பர், இதையும் உங்க ரெஜிஸ்டர்ல சேர்த்தே எழுதிப் பழகுங்க.

4. எந்தத் தேதி சட்டம்னு கேளுங்க

இதுதான் இப்ப ரொம்ப முக்கியம். 2024 ஜூலை 1ல இருந்து ஐ.பி.சி.க்கு (இந்திய தண்டனைச் சட்டம்) பதிலா பாரதிய நியாய சன்ஹிதா, சி.ஆர்.பி.சி.க்கு (கிரிமினல் நடைமுறைச் சட்டம்) பதிலா பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, எவிடென்ஸ் ஆக்டுக்கு (சாட்சியச் சட்டம்) பதிலா பாரதிய சாக்ஷ்ய அதினியம், மூணும் ஒரே நாள்ல அமலுக்கு வந்துச்சு. நம்பர் எல்லாம் மாறிடுச்சுன்னா கூட சமாளிச்சிடலாம், பழைய நம்பரே புதுச் சட்டத்துல வேற வேலைக்கு வந்து உக்காந்திருக்கறதுதான் பிரச்சனை.

கோர்ட் உக்கார்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஒரு ஜூனியர் அவசரமா வந்து "482க்கு ரெண்டு நல்ல ஜட்ஜ்மெண்ட் வேணும், சீனியர் கேட்டார்"னு நிப்பாங்க. உடனே அலமாரிக்கு ஓடாதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எஃப்.ஐ.ஆரை ரத்து பண்ணவா, முன்ஜாமீனுக்கா?" ஏன்னா சி.ஆர்.பி.சி. 482ங்கறது ஹைகோர்ட்டோட உள்ளார்ந்த அதிகாரம், எஃப்.ஐ.ஆரை ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கறது அதுக்குக் கீழதான், அது இப்ப புதுச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதால 528. புதுச் சட்டத்து 482 முன்ஜாமீன். பழைய முன்ஜாமீன் 438, அந்த 438 புதுச் சட்டத்துல ரிவிஷன், அதாவது கீழ்க் கோர்ட் உத்தரவை மேல் கோர்ட் சரிபாக்கறது. ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச 144 தடை உத்தரவு இப்ப 163, புதுச் சட்டத்து 144ல இருக்கறது ஜீவனாம்சம், அது முன்னாடி 125. ஜூனியர் ஒரு நிமிஷம் நின்னு ஃபைலைப் பிரிச்சுப் பாத்து "முன்ஜாமீன்தான்"னு சொல்லுவாங்க, அப்புறம் எடுங்க.

எடுக்கும்போதும் ரெண்டு நம்பர்லயும் தேடணும். முன்ஜாமீனுக்கு இன்னைக்கும் அடிப்படையா காட்டற குர்பக்ஷ் சிங் சிப்பியா தீர்ப்பு, (1980) 2 எஸ்.சி.சி. 565, பழைய 438 பேர்லதான் இருக்கு. எஃப்.ஐ.ஆர். ரத்துக்கு பஜன்லால் கேஸ், 1992 சப்ளிமெண்ட் (1) எஸ்.சி.சி. 335, அது பழைய 482. புது நம்பரை மட்டும் டைப் பண்ணித் தேடினா இதெல்லாம் கண்ணுலயே படாம போயிடும். அதனால பழைய பிரிவு எது, புதுப் பிரிவு எதுன்னு காட்டற ஒரு ஒப்பீட்டு அட்டவணை பிரிண்ட் எடுத்து கவுண்டர்ல ஒட்டி வைங்க, ஒரு காப்பி ரெஃபரன்ஸ் டேபிள்ல வைங்க.

அடுத்தது, அச்சுல இருக்கற பிரிவு எல்லாமே அமல்ல இருக்குன்னு நினைக்காதீங்க. நியாய சன்ஹிதா 106(2), விபத்து பண்ணிட்டு போலீஸ்ல சொல்லாம ஓடிப்போற டிரைவருக்கு தண்டனை சொல்ற பிரிவு, லாரி டிரைவர்கள் நாடு முழுக்க போராட்டம் பண்ணாங்களே, அது. சட்டம் அமலுக்கு வர்ற தேதியை அறிவிச்ச நோட்டிஃபிகேஷன்லயே அந்த ஒரு உட்பிரிவை மட்டும் விட்டு வச்சாங்க. ஆனா பேர் ஆக்ட் (Bare Act, விளக்கவுரை இல்லாம சட்டத்தை மட்டும் அச்சடிச்சது) புத்தகத்துல அது மத்த பிரிவோட பிரிவா அச்சாகியிருக்கும். அமலுக்கு வந்த தேதியை அரசிதழ்ல போய்ப் பாருங்க, மத்திய சட்டத்துக்கு இ-கெஸட் தளமும் இந்தியா கோட் தளமும் இருக்கு, ரெண்டும் இலவசம்.

மாநிலத் திருத்தமும் அப்படித்தான். இந்து திருமணச் சட்டத்துல 7ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணத்துக்கு நம்ம மாநிலம் 1967ல கொண்டு வந்த திருத்தம், தமிழ்நாட்டுக்கு மட்டும். வடக்க இருந்து வர்ற சின்ன பேர் ஆக்ட் சிலதுல அது இருக்காது, இருந்தாலும் அடிக்குறிப்புல பொடி எழுத்துல கிடக்கும். பொண்ணுங்களுக்கு பூர்வீகச் சொத்துல பங்கு கொடுத்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25ல இருந்து அமல், மத்திய அரசு கொண்டு வந்தது 2005ல. தொண்ணூறுகள்ல நடந்த பாகப்பிரிவினை பத்தி ஒருத்தர் கேட்டு வந்தா அவருக்கு இன்னைக்கு கடைல விக்கற புத்தகத்தை மட்டும் கொடுத்தா போதாது, அன்னைக்கு இங்க இருந்த சட்டத்தையும் சேர்த்துக் கொடுக்கணும்.

5. அலமாரி, பைண்டிங், கழிக்கறது

வகைப்படுத்தறது உங்களுக்கு ஏற்கனவே தெரியும், ட்யூயில சட்டம் 340ல இருந்து ஆரம்பிக்கும், 342 அரசியலமைப்பு, 345 கிரிமினல். சீர்காழில பொறந்த ரங்கநாதனோட கோலன் முறைல சட்டத்துக்கு இசட். பாடப் புத்தகத்துக்கு இது சரி. ரிப்போர்ட்டர்களை மட்டும் பேர் வாரியா, வருஷ வாரியா நேரா அடுக்கிடுங்க, வக்கீல் அப்படித்தான் தேடுவார்.

ரிப்போர்ட்டர் லூஸ் பார்ட்டா வரும். வந்த அன்னைக்கே பதிவு பண்ணுங்க, ஒரு பார்ட் வரலைன்னா உடனே பதிப்பாளருக்கு மெயில் போடுங்க, ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா ஸ்டாக் இல்லன்னுடுவாங்க. பைண்டிங்குக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்த வால்யூமோட கேஸ் பட்டியலும் இன்டெக்ஸும் வந்துடுச்சான்னு பாருங்க, பல நேரம் அது கடைசில தனியா வரும், அது இல்லாம தைச்சுட்டா அந்த வால்யூம்ல எதையும் தேட முடியாது. முதுகுல ரிப்போர்ட்டர் பேர், வருஷம், வால்யூம், எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம் வரைக்கும், நாலையும் எழுத பைண்டர்கிட்ட எழுதியே கொடுங்க.

கழிக்கறதுல அவசரம் வேண்டாம். புதுச் சட்டம் வந்தாச்சுன்னு ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி. புத்தகத்தை எல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டுடாதீங்க. 2024 ஜூலை 1க்கு முன்னாடி நடந்த குற்றத்துக்கு ஐ.பி.சி.தான், அந்த கேஸ்களும் அப்பீல்களும் இன்னும் பல வருஷம் ஓடும். ஒரே எடிஷன்ல பத்து காப்பி இருந்தா எட்டைக் கழிங்க, கடைசி எடிஷன்ல நல்ல ரெண்டை வச்சுக்கோங்க.

சாஃப்ட்வேர்ல கோஹா கத்துக்கோங்க, காசு கிடையாது, பெரும்பாலான இடத்துல அதுதான். அரசு அலுவலகம்னா இ-கிரந்தாலயா, காலேஜ்னா சோல் இருக்கலாம். ஒண்ணு தெரிஞ்சா மத்தது ஒரு வாரத்துல வந்துடும்.

6. டேட்டாபேஸ், ஜெராக்ஸ், ஏ.ஐ.

எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா ரெண்டும் காசு கொடுத்து வாங்கறது, இந்தியன் கானூன் இலவசம். 2023 ஜனவரில வந்த இ-எஸ்.சி.ஆரும் இலவசம், அது கோர்ட்டே நடத்தறது, சில தீர்ப்புகளுக்கு தமிழ் மொழிபெயர்ப்பும் சுப்ரீம் கோர்ட் தளத்துல கிடைக்கும். பட்ஜெட் கம்மியான லைப்ரரில இருந்தீங்கன்னா இலவசத் தளங்கள்ல வலுவா ஆகிட்டு, காசை ஒரே ஒரு டேட்டாபேஸுக்கும் ரெண்டு உள்ளூர் ரிப்போர்ட்டருக்கும் வைங்க, அதுதான் என் அபிப்ராயம். சட்ட இதழ்க் கட்டுரை தேடணும்னா டெல்லில இருக்கற இந்தியன் லா இன்ஸ்டிட்யூட் போடற இன்டெக்ஸ் இருக்கு, நிறைய பேர் அதைத் தொடறதே இல்ல.

ஜெராக்ஸ் விஷயத்துல ஒரு தெளிவு வேணும். கோர்ட் தீர்ப்பை நகல் எடுக்கறது காப்பிரைட் மீறல் ஆகாது, 1957 காப்பிரைட் சட்டம் 52ஆவது பிரிவுலயே இருக்கு. ஆனா பதிப்பாளர் எழுதின ஹெட்நோட், அவங்க தீர்ப்புல சேர்த்த வேலைப்பாடு, அது வேற. ஈஸ்டர்ன் புக் கம்பெனிக்கும் மோடக்குக்கும் நடந்த வழக்குல, (2008) 1 எஸ்.சி.சி. 1, சுப்ரீம் கோர்ட் இதை விரிவா சொல்லியிருக்கு. சட்ட நூலகரா இருக்கற ஒவ்வொருத்தரும் ஒரு தடவை முழுசா படிக்க வேண்டிய தீர்ப்பு.

ஏ.ஐ. இப்ப எல்லாரும் பயன்படுத்தறாங்க, தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனா 2023ல நியூயார்க்ல ஒரு விமான கம்பெனி மேல போட்ட கேஸ்ல வக்கீல்கள் சாட்ஜிபிடி சொன்ன தீர்ப்புகளை அப்படியே கோர்ட்ல தாக்கல் பண்ணாங்க, அப்படித் தீர்ப்புகளே உலகத்துல இல்ல, 5,000 டாலர் அபராதம் போட்டாங்க. அதனால உங்க கவுண்டருக்கு ஒரு சைட்டேஷன் வந்தா, யார் சொன்னதா இருந்தாலும் சரி, அந்த வால்யூம்ல அந்தப் பக்கத்தைத் திறந்து கட்சிக்காரர் பேர், கோர்ட், தேதி மூணையும் பாருங்க. பாத்துட்டு, பின்னாடி அந்தத் தீர்ப்பை யாராவது மாத்திட்டாங்களான்னும் பாருங்க. எமர்ஜென்சி காலத்து ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பு ஏ.ஐ.ஆர். 1976 எஸ்.சி. 1207ல இன்னைக்கும் அழகா அச்சுல இருக்கு, ஆனா 2017 புட்டசாமி தீர்ப்புல அதை தள்ளிட்டாங்க. அச்சடிச்ச பக்கம் அதை உங்களுக்குச் சொல்லாது.

7. ஆலோசனை சொல்லாதீங்க

கேஸ் போட்டிருக்கற பொதுமக்கள் சில நேரம் உங்ககிட்ட வந்து "சார், இந்த கேஸ்ல நான் ஜெயிப்பேனா, மனுல என்ன எழுதணும்"னு கேப்பாங்க. மனசு கஷ்டமா இருக்கும், தெரிஞ்சதைச் சொல்லிடலாம்னு தோணும். சொல்லாதீங்க. சட்டத்தை எடுத்துக் கொடுக்கலாம், எந்தப் பக்கம்னு காட்டலாம், எப்படித் தேடறதுன்னு சொல்லித் தரலாம். அவர் கேஸுக்கு அது பொருந்துமான்னு சொல்றது வக்கீலோட வேலை, தப்பாப் போனா பாதிக்கப்படப் போறது அவர். அதுக்காக வெறுங்கையோட அனுப்பவும் கூடாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு எந்தக் கட்டடத்துல இருக்குன்னு எழுதிக் கொடுங்க, 15100ங்கற இலவச சட்ட உதவி நம்பரைக் கொடுங்க. பெண்களுக்கு, எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கு எல்லாம் வருமானம் பாக்காமலே இலவச வக்கீல் உண்டு, நிறைய பேருக்கு இது தெரியாது.

8. சங்கம், ஜர்னல், கூட்டம்

ஒரே லைப்ரேரியன் இருக்கற இடத்துல பத்து வருஷம் தனியா இருந்தா வேலை அப்படியே தேங்கிடும், அதனால இதை சம்பளத்துக்கு அடுத்தபடியா வைங்க. சென்னைல மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன் இருக்கு, 1928ல ரங்கநாதன் காலத்துல ஆரம்பிச்சது. அகில இந்திய அளவுல இந்தியன் லைப்ரரி அசோசியேஷன், கொல்கத்தால சிறப்பு நூலகங்களுக்கான யாஸ்லிக் சங்கம். சட்ட நூலகர்களுக்குன்னே உலக அளவுல ஐ.ஏ.எல்.எல். (சர்வதேச சட்ட நூலகங்கள் சங்கம்) 1959ல இருந்து இருக்கு, அமெரிக்காவோட ஏ.ஏ.எல்.எல். (அமெரிக்க சட்ட நூலகங்கள் சங்கம்) 1906ல ஆரம்பிச்சது, அவங்களோட லா லைப்ரரி ஜர்னலை இணையத்துல இலவசமாவே படிக்கலாம். உலக நூலகச் சங்கங்களோட கூட்டமைப்பான இஃப்லாலயும் சட்ட நூலகங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கு.

முதல் வருஷம் மெம்பரா சேர்ந்து கூட்டத்துக்குப் போங்க, பேசறவங்களைக் கவனிங்க. ரெண்டாவது வருஷம் ஒரு பேப்பர் எழுதுங்க, பெரிய தியரி வேண்டாம், உங்க கவுண்டர்ல ஒரு மாசம் வந்த கேள்விகளை வகை பிரிச்சு எழுதினாலே அது மத்தவங்களுக்கு உபயோகமா இருக்கும், ஆனா கேட்டவங்க பேரும் கேஸ் விவரமும் எங்கயும் வரக்கூடாது. பாதுகாப்புத் துறையோட தகவல் மையமான டெஸிடாக் வெளியிடற ஜர்னல் மாதிரி இலவசமா படிக்கற இதழ்ல வந்தா இன்னும் நல்லது.

அப்புறம் ஒரு வேலைக்கு ஆள் தேடிட்டு இருக்கேன்னே சொல்லலாம். பழைய ஐ.எல்.ஆர். மெட்ராஸ் (இந்தியன் லா ரிப்போர்ட்ஸ், மெட்ராஸ் தொடர்), பழைய எம்.எல்.ஜே., செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஸட் இதெல்லாம் எந்த லைப்ரரில எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும் முழுசா இருக்குன்னு ஒரு பொதுப் பட்டியல் இருந்தா எல்லாருக்கும் எவ்ளோ நேரம் மிச்சமாகும். கன்னிமாரா, எழும்பூர் ஆவணக் காப்பகம், சட்டக் கல்லூரிகள், சங்க லைப்ரரிகள்னு ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. உங்க லைப்ரரில இருக்கறதை ஒரு எக்செல் ஷீட்ல போடுங்க: ரிப்போர்ட்டர் பேர், முதல் வருஷம், கடைசி வருஷம், நடுவுல எது இல்ல, பக்கம் கிழிஞ்சிருக்கா. பக்கத்து ஊர் லைப்ரேரியன் ஒருத்தரையும் இதையே போடச் சொல்லி ரெண்டையும் சேருங்க, அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அந்த ஷீட்டைக் கைல எடுத்துட்டுப் போங்க.